பிறப்புச் சான்றிதழில் தொடங்கும் 200 மீட்டர்

என் மகள் 17 வயதில் இந்தியா பனியன் போட்டுக்கொண்டு ஒரு சர்வதேச ஜூனியர் தடகளப் போட்டியில் 200 மீட்டர் ஓடினாள். முதல் சுற்றான ஹீட்ஸோடு வெளியே வந்துவிட்டாள். எந்த நாடு, எந்த மாதம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுகிறேன். அந்த ஓட்டத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதச் சம்மதித்தாள். மைதானம் பக்கமே போகாத குடும்பத்தில் ஒரு பெண் ஓட ஆரம்பித்தால் அவளுடைய அம்மா யாரிடம் போய்க் கேட்பாள்? நான் யாரிடமும் கேட்கத் தெரியாமல் அலைந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரில், அல்சூர் பக்கம் மர்பி டவுன். மாமனார் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். நான் வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். ஓட்டம் என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் பி.டி. உஷா.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பி.டி. டீச்சர் தன் போனில் ஓர் ஓட்டத்தைக் காட்டியிருக்கிறார். 2018 ஜூலை 12, பின்லாந்தில் தாம்பரே நகரம், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி, பெண்கள் 400 மீட்டர் இறுதி. அசாமின் ஹிமா தாஸ் கடைசி வளைவைத் தாண்டும்போது முதல் ஆளாக இல்லை. நேர்ப்பாதைக்கு வந்த பிறகு ஒவ்வொருவராகப் பின்னுக்குத் தள்ளி 51.46 விநாடியில் முடித்தார். உலக அளவிலான போட்டியில் டிராக்கில் ஓடி இந்தியா வாங்கிய முதல் தங்கம் அது. மகள் வீட்டுக்கு வந்து என் போனில் அதையே திரும்பத் திரும்பப் போட்டாள். "அம்மா, கடைசியில இவ மட்டும் வேகமா ஓடுறா பாரு" என்றாள்.

பின்னால் கோச் சார் அதைத் திருத்தினார். கடைசி ஐம்பது மீட்டரில் யாருக்கும் வேகம் கூடுவதில்லையாம். எல்லோருக்கும் குறையத்தான் செய்யும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் முன்னால் போவது போல நம் கண்ணுக்குத் தெரிகிறது. இதைச் சொல்லிவிட்டு என்னிடம், "அம்மா, ஓட வைக்கிறது என் வேலை. அவ வேகத்தை எது எது பிடிச்சு இழுக்குதோ, அதை எடுத்துப் போடறது உங்க வேலை" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. பிடித்து இழுப்பவை எல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன என்பது ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது.

காலையில் ஐந்தேகாலுக்கு என் வீட்டுக்காரர் அவளை டெம்போவில் கொண்டுபோய் கன்டீரவா ஸ்டேடியத்தில் இறக்கிவிடுவார். அந்த இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஏரியில் மிச்சம் வைத்த சின்னக் குளத்தில்தான் இன்றும் கரகத் திருவிழாவின் சடங்குகள் நடக்கின்றன. டிராக் கிடைக்காத நாளில் அல்சூர் ஏரிக்கரையோரம், திருவள்ளுவர் சிலை வரை மெதுவாக ஓடிவிட்டு வருவாள். முதல் இரண்டு வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. நேரம் குறைந்துகொண்டே வந்தது.

14 வயதில் அப்படியே நின்றது. ஆறு மாதம் ஒரே நேரம். சில நாள் அதைவிட மோசம். மூன்றாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. கோச் சார் பயிற்சியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "ரத்தம் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தோம். ஹீமோகுளோபின் 10.1. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. டாக்டர் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். அதுவும் அடிமட்டத்தில் இருந்தது. வளரும் வயசு, மாதாமாதம் போகும் ரத்தம், அதற்கு மேல் தினமும் இரண்டு வேளை பயிற்சி. நான் போட்ட சாப்பாட்டில் அந்த அளவுக்கு இரும்பு இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் சாப்பிட்டும் பெரிதாக ஏறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, காலையில் மாத்திரை போட்ட கையோடு டீயும் குடித்துக்கொண்டிருந்தாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. டாக்டர் சொன்னபடி மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு கொடுத்தோம், டீயைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். வாரத்துக்கு இரண்டு தடவை முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரிலிருந்து ஆட்டு ஈரல், தினமும் முட்டை. மூன்று மாதத்தில் 12.6க்கு வந்தது. பயிற்சியில் ஒன்றையும் மாற்றாமலே நேரம் குறைந்தது. ஓடும் பெண் திடீரென்று மந்தமானால் முதலில் ரத்தம் பாருங்கள். திட்டாதீர்கள்.

அடுத்தது இன்னும் பெரிய தவறு. 15 வயதில் நான்கு மாதம் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. அக்கம்பக்கத்தில் "ஓடற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பினேன். அவளுக்கும் தொல்லை விட்டது என்று சந்தோஷம். ஐந்தாவது மாதம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. காட்டிய லேடி டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால், "ராத்திரி என்ன சாப்பிடற?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஒல்லியாக இருந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ராத்திரி சோற்றைத் தட்டிலிருந்து சட்டிக்கே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு அவசரமில்லாத வேலைகளை நிறுத்திவிடும் என்று டாக்டர் விளக்கினார். முதலில் நிற்பது மாதவிலக்கு. கூடவே எலும்பு பலவீனமாகும். விரிசல் வரைக்கும் போகும். 2014-லிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ஒரு தனிப் பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. எங்களுக்கு விரிசல் வரை போகவில்லை. ஆறு வாரம் ஓட்டம் இல்லை. ஓடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பது சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை. அன்றிலிருந்து சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் தேதியைக் குறித்து வைக்கிறோம். கோச் சாரிடம் இதைப் பேச அவளுக்குக் கூச்சம். முதல் தடவை நான் போய்ச் சொன்னேன். "நல்லவேளை சொன்னீங்க, அந்த வாரம் எப்படி இருக்குன்னு பாத்து பயிற்சியை வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். நாங்கள்தான் அதைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. திருவிழா, கல்யாணம் என்றால் நாள் தள்ளிப்போக மாத்திரை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். போட்டிக்கு அப்படிச் செய்ய வேண்டாம். டாக்டர் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. டாக்டரே கொடுத்திருந்தால், ஊக்கமருந்துச் சோதனைப் படிவத்தில் மறக்காமல் எழுத வேண்டும்.

ஊக்கமருந்து என்றால் ஊசி போட்டுக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேசிய அளவிலான போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்கு இருமல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சிரப் வாங்கி வந்தேன். எத்தனையோ வருடமாக வீட்டில் எல்லோரும் குடிப்பதுதான். பாட்டிலைப் பயிற்சிப் பையில் பார்த்த கோச் சார் பொடி எழுத்தைப் படித்துவிட்டு என்னை போனில் கூப்பிட்டார். அதில் டெர்பூட்டலின் இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. நம் ஊர் இருமல் சிரப்புகள் பலவற்றில் இருக்கிறது, தடைப்பட்டியலிலும் இருக்கிறது. அவள் அதுவரை ஒரு ஸ்பூன்கூடக் குடிக்கவில்லை. குடித்திருந்து சோதனையில் தெரிந்திருந்தால், அம்மா தெரியாமல் கொடுத்தாள் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. யார் கொடுத்திருந்தாலும் உடம்பில் இருந்ததற்கு ஓடுபவர்தான் பொறுப்பு. விதி அப்படி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மருந்து என்று எது வந்தாலும் உள்ளே இருக்கும் வேதிப்பெயரைப் படித்துத்தான் கொடுக்கிறோம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான நாடாவிடம் 'நோ யுவர் மெடிசின்' என்று ஒரு செயலி இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் தடை இருக்கிறதா என்று காட்டும். புரோட்டீன் பவுடர் கிட்டேயே போகவில்லை. டப்பாவில் எழுதாததும் உள்ளே இருக்கலாம் என்பதால் கோச் சார் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். கஷ்டமாக இருந்தது ஆயாவிடம் சொல்வதுதான். ஊரிலிருந்து வைத்தியரிடம் வாங்கி, பேத்திக்குத் தெம்பு வரட்டும் என்று துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த லேகியம். அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது. மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, நீ கையால கிண்டற இஞ்சி மொரப்பா குடு, அது போதும்" என்றாள். மறுநாளே இஞ்சி வந்தது.

அந்தத் தேசியப் போட்டியில் அவளைச் சோதனைக்கும் கூப்பிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே என்பதால் கூட ஒரு பெரியவர் இருக்கலாம். நான் போனேன். பெண் அதிகாரியின் முன்னால்தான் சிறுநீர் கொடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. பதற்றத்தில் வரவில்லை. மடமடவென்று மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தாள். வந்தது, ஆனால் நீர்த்துப்போயிருந்தது. அடர்த்தி போதாது என்று மறுபடி காத்திருக்கச் சொன்னார்கள். வெளியே வரும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும்.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தபோதுதான் காகிதப் பிரச்சினை ஆரம்பித்தது. நம் தமிழர்கள் வீட்டு இனிஷியல் இருக்கிறதே, அது வெளிநாட்டுப் படிவத்தில் எவ்வளவு பாடுபடுத்தும் என்று அனுபவித்தால்தான் தெரியும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' விட்டுப்போயிருந்தது. பள்ளியில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். தடகளச் சங்கப் பதிவில் அப்பாவின் முழுப் பெயர். நான்கும் நான்கு ஆட்கள் மாதிரி. ஜூனியர் போட்டியில் வயதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று 20 வயது நிரம்பியிருக்கக் கூடாது. வயதை மறைத்து ஓடுகிறவர்கள் இருப்பதால் காகிதத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். அவள் சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஓடும்போதே மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்திருக்கிறார்கள். சரி, சந்தேகப்படுவதில் தப்பில்லை. நாம்தான் காகிதத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழைத் திருத்தவே ஏழு வாரம். அவர் டெம்போவை நிறுத்திவிட்டு எத்தனை நாள் அலைந்தார் என்று கணக்கே இல்லை. அப்புறம் லால்பாக் ரோடு பாஸ்போர்ட் சேவா கேந்திரா. மைனர் என்பதால் அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் வேண்டும். இன்னொன்று யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாக மைனர் பாஸ்போர்ட் 18 வயதோடு முடிந்துவிடும். 17 வயதில் எடுத்தால் சில மாதம்தான் இருக்கும். உள்ளே விடுவதற்கு ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. 15 வயது முடிந்த பிள்ளைகளுக்கு விரும்பினால் பத்து வருடப் பாஸ்போர்ட்டே கேட்கலாம். அதைக் கேளுங்கள். தேர்வு ஆன பிறகு ஓடாதீர்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்த அன்றே பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போனது. அதன் விளைவு பின்னால் வரும்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தொலைந்தால் பனியன் இன்னொன்று கிடைக்கும், காலுக்குப் பழகிய ஷூ கிடைக்காது. ஆணிகளைக் கழற்றிச் சாவியோடு பெரிய பெட்டியில் போடுங்கள். கூடுதலாக ஒரு செட் ஆணியைக் கூடப் போகிறவர் பெட்டியிலும் போட்டு வையுங்கள். சிந்தெடிக் டிராக்குக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அளந்து பார்ப்பார்கள்.

பனியன் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. அதைப் பிடித்துத் தைத்தது நான்தான். இதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நெஞ்சில் குத்தும் பெயர்க் காகிதத்தை நேராக நின்றுகொண்டு குத்தினால் குனியும்போது மடங்கி, ஓடும்போது படபடவென்று அடிக்கும். அவளை ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி குனிய வைத்து, துணி எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்த்து, நான்கு ஊக்கும் எங்கே வர வேண்டும் என்று உள்பக்கம் நூலால் நான்கு புள்ளி போட்டுக் கொடுத்தேன். கூட ஓடிய பெண்களும் அவளிடம் அப்படியே குத்திக்கொண்டார்களாம்.

சாப்பாட்டுக்கு உஷா சொன்னதுதான் எங்களுக்குப் பாடம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம். ஒத்துவரும் சாப்பாடு கிடைக்காமல் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய நேரம் 55.42. மூன்றாவது வந்தவர் 55.41. ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நாங்கள் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுக்க நினைத்தோம். சில நாடுகளில் விமான நிலையத்திலேயே சோதித்து எடுத்துவிடுவார்கள் என்றதும் வேறு வழி யோசித்தோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் மூன்று நாள் பாஸ்தா, அவித்த உருளைக்கிழங்கு, காரமில்லாத கோழி என்று வீட்டிலேயே சமைத்தேன். அவள் தம்பிக்குப் பிடிக்கவே இல்லை. அவள் வயிறு பழகியது. அங்கே போய் ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை.

கோச் சார் செய்த இன்னொரு ஏற்பாடு 'கால் ரூம்', அதாவது பெயர் கூப்பிடும் அறைக்கான பழக்கம். பெரிய போட்டிகளில் ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். போன் வாங்கிவிடுவார்கள். ஷூ, பை, உடுப்பு எல்லாம் பார்ப்பார்கள். சூடேற்றிய உடம்பு ஆறிப்போகும். எதிரே ஜமைக்கா, அமெரிக்கப் பெண்கள். அந்த இருபது நிமிடத்திலேயே பாதிப் பேர் தோற்றுவிடுகிறார்கள் என்பார் அவர். அதனால் கன்டீரவாவில் வார்ம்-அப் முடிந்ததும் இருபது நிமிடம் படியில் பேசாமல் உட்கார வைப்பார். அப்புறம் எழுப்பி, நேர்ப்பாதையில் இரண்டே குட்டி ஓட்டம், உடனே ஓட்டம். வீட்டு வாசல் திண்ணையிலும் பழகினாள். உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை அசைப்பது, மூச்சை எண்ணுவது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தன் ஷூ லேஸைப் பார்ப்பது. சின்னப் பழக்கங்கள்தான். நன்றாக உதவின.

போட்டி அன்று நம் நேரத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு மேல். வீட்டுக்காரர் போனைக் குக்கர் மேல் சாய்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மாடி வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவள் ஓடப் போகும் ஹீட் வந்தது. திரையில் எட்டுப் பெயர்கள். என் மகள் பெயருக்கு நேரே, பெரிய எழுத்தில் அவள் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அதுதானே குடும்பப் பெயர்! கேமரா ஒவ்வொரு லேனாக வந்தபோது அவள் நெஞ்சில் குத்தியிருந்த காகிதத்திலும் அதே பெயர். வர்ணனையாளர் உச்சரிக்கத் தடுமாறி அவர் பெயரைச் சொன்னார். மர்பி டவுனில் டெம்போ ஓட்டுகிற மனுஷன் பெயர். அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். தாமதமாகிறது, உள்ளே வாங்க என்று நான் கத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

செட். துப்பாக்கிச் சத்தம். உடனே இன்னொரு சத்தம். ஏழாவது லேன் பெண் முந்திவிட்டாள். 2010 முதல் ஒரே தவறுக்கு வெளியேற்றம்தான். ஸ்டார்ட் எடுக்கக் காலை வைக்கும் கட்டையில் கருவி இருக்கிறது. சத்தம் கேட்டு 0.100 விநாடிக்குள் அசைந்தாலே தவறு. சிவப்பும் கறுப்புமான அட்டையைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் வீட்டில் ஓர் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற ஏழு பேரும் வளைவில் ஓடிய தூரத்தைத் திரும்பி நடந்து வந்தார்கள். என் மகள் கட்டைக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துச் சும்மா நின்றாள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இரண்டாவது தடவை அவள்தான் கடைசியாக எழுந்தாள். எதிர்க்காற்று வேறு. வளைவு முடியும்போது ஏழாவது. நேர்ப்பாதையில் இரண்டு பேரைத் தாண்டி ஐந்தாவது. தன் சொந்தச் சிறந்த நேரத்தைவிட 0.23 விநாடி கூடுதல். அடுத்த சுற்றுக்குக் கிடைக்கவில்லை.

காலையில் போன் செய்தாள். "அம்மா, ரெண்டாவது தடவை கால்ல உயிரே இல்லம்மா. மொதல் தடவை எவ்ளோ நல்லா எழுந்தேன் தெரியுமா." கோச் சாரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை நான் பழக்கலையே" என்றார். கால் ரூமைப் பழக்கினார், கட்டளைக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மாற்றி மாற்றிப் பழக்கினார். நல்ல ஸ்டார்ட் ஒன்று வீணாகிப் போய் மறுபடி குனிவதை மட்டும் பழக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உஷாவின் இறுதி ஓட்டத்திலும் இப்படித்தான் ஒருவர் முந்தி, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். இப்போது வாரம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விசில் ஊதித் திரும்பக் கூப்பிடுகிறார். திரும்பி நடக்கும்போது கையை இடுப்பில் வைக்கக் கூடாது. இரண்டு துள்ளல், தொடையில் தட்டு, கட்டைக்குப் பின்னால் வந்து ஒரு குதி. முதல் ஸ்டார்ட்டை மறந்துவிட வேண்டும்.

சொந்தக்காரர்களில் சிலர் "ஹீட்ஸ்லயே போயிடுச்சா, ஜூனியர் போட்டிதானே" என்றார்கள். ஜூனியர் என்ற சொல்லைப் பார்த்துப் பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி நினைக்கிறார்கள். 2022-ல் கொலம்பியாவின் காலி நகரத்தில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஜமைக்காவின் டினா கிளேட்டன் 100 மீட்டரை 10.95 விநாடியில் ஓடினார். பெரியவர்கள் பிரிவில் இந்தியப் பெண்களின் தேசியச் சாதனையே டூட்டி சந்தின் 11.17. அதே காலியில் நம் ரூபல் சவுத்ரி 400 மீட்டரில் 51.85 ஓடி வெண்கலமும், கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். மூன்று நாளில் நான்கு முறை 400 மீட்டர் ஓடிய பெண் அவர். அதற்கு முந்தைய வருடம் நைரோபியில் கர்நாடகத்தின் பிரியா மோகன் 400 மீட்டரில் நான்காவது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் என் மகள் ஒரு லேனில் நின்றாள். எனக்கு அது பெரிய விஷயம்.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவள் போய் வந்த பிறகு, 2025 செப்டம்பர் 1 முதல், பெரிய சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வாழ்நாளில் ஒருமுறை பாலினத்தைப் பார்க்கும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்திருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம். விதி சரியா என்று வாதாட எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் நம் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பறித்தார்களே, அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஊரே டிவியில் பேசியதே, அதை நான் மறக்கவில்லை. அதனால் அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சோதனை என்ன, எதற்கு என்று பிள்ளைக்கு ஒரு டாக்டர் தனியாக உட்காரவைத்துச் சொல்லட்டும். முடிவு யார் கைக்குப் போகும் என்று முதலிலேயே கேளுங்கள். எந்த முடிவு வந்தாலும் வீட்டுக்குள் அவளிடம் நாம் பேசும் விதம் மாறக் கூடாது என்று நீங்களும் வீட்டுக்காரரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். மகளிடம் நானும் பேசிவிட்டேன். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றாள்.

அந்தப் பெயர்க் காகிதத்தைக் கசங்காமல் கொண்டுவந்திருந்தாள். அவர் அதை டெம்போ ஆர்.சி. புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். வீட்டில் மாட்டலாம் என்றால் கேட்கவில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மா பிளவுஸ் தைக்க வந்தார். அவருடைய பெண் எட்டாவது படிக்கிறாள். பள்ளி ஓட்டத்தில் முதலாவதாம், மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். என்ன ஷூ வாங்கலாம் என்று கேட்டார். ஷூ அப்புறம் பார்க்கலாம், பாப்பாவோட பிறப்புச் சான்றிதழை நாளைக்கு எடுத்துட்டு வாங்க என்றேன். எடுத்து வந்தார். அம்மா பெயரிலேயே ஓர் எழுத்து தப்பாக இருந்தது. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்.